ஈரத்தை இழுக்கும் பொருள்கள்: சிலிக்கா ஜெல், கால்சியம் குளோரைடு, சுண்ணாம்பு ஆகியவற்றைச் சரியாகப் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

செருப்புப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் வரும் சின்னச் சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, ஐப்பசி மழை தொடங்கியதும் கேமரா பைக்குள்ளும் பத்திரக் கோப்புக்குள்ளும் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நோக்கம் நல்லது, பலன்தான் இல்லை. அந்தப் பொட்டலங்கள் அலமாரியில் திறந்து கிடந்த சில நாள்களிலேயே கொள்ளுமளவு ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். அதன்பிறகு அவை வெறும் மணிகள்.

ஈரத்தை இழுக்கும் பொருளைக் கையாளும்போது மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். வெளியேற்ற வேண்டிய நீர் எவ்வளவு? நம் கையில் உள்ள பொருள் அதில் எவ்வளவைப் பிடிக்கும்? மூடிய பெட்டிக்குள் வெளியிலிருந்து எவ்வளவு கசிந்து வருகிறது? மூன்றையும் ஒரு சமையலறைத் தராசைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

நீர் காற்றில் இல்லை, பொருளில் இருக்கிறது

30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதில் 24 கிராம் இருக்கிறது என்று பொருள். 10 லிட்டர் டப்பா என்பது ஒரு கன மீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஆக, அதற்குள் அடைபட்ட காற்றில் கால் கிராம் நீர்கூடக் கிடையாது. ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்கு இறக்க 0.12 கிராமை எடுத்தால் போதும்.

அதே டப்பாவில் ஒரு கிலோ காகிதத்தை வைத்தால் கதை வேறு. 80 சதவீத ஈரப்பதத்தில் கிடந்த காகிதம் தன் எடையில் ஏறத்தாழ 9 முதல் 10 சதவீதம் நீரை வைத்திருக்கும். 40 சதவீதத்தில் அது 5 முதல் 6 சதவீதமாகக் குறையும். இடைவெளி கிட்டத்தட்ட 40 கிராம். காற்றிலிருந்து எடுக்க வேண்டியதைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல்! துணி, தோல், மரம், விதை எல்லாம் இதே வகைதான். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் இந்தச் சுமை இல்லை. ஆகவே லென்ஸுக்குப் போதுமான சிலிக்கா ஜெல் பத்திரக் கட்டுக்குப் போதாது.

இதிலிருந்து செலவில்லாத ஓர் உபாயம் கிடைக்கிறது. காகிதத்தையும் பட்டுப் புடவையையும் மழை நாளில் பெட்டியில் அடைக்காதீர்கள். பருவமழைக்கு முன், நல்ல வெயில் காயும் நாளின் நடுப்பகலில், நிழலில் மின்விசிறிக்கு அடியில் நாலைந்து மணி நேரம் பரப்பி வைத்துவிட்டு அடையுங்கள். சிலிக்கா ஜெல் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை அந்தக் காற்றே செய்துவிடும்.

எந்தப் பொருள் எதற்கு

ஈரத்தைப் பிடிக்கும் விதத்தைப் பொறுத்து இவை மூன்று கூட்டம்.

முதல் கூட்டம் தன் மேற்பரப்பில் நீரை ஒட்டவைத்துக்கொள்வது. சிலிக்கா ஜெல் இதில் முதன்மை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் வால்டர் பேட்ரிக் இதன் தயாரிப்பு முறைக்கு 1919-இல் காப்புரிமை பெற்றார். பெயரில்தான் ஜெல், உண்மையில் இது கடினமான மணி. ஒரு கிராம் மணிக்குள் இருக்கும் நுண்துளைகளின் உட்பரப்பை விரித்தால் 700 சதுர மீட்டர் அளவுக்கு வரும். நீர் ஏறினாலும் மணி ஈரமாகாது, கரையாது, உருமாறாது. சூடாக்கினால் நீரை விட்டுவிட்டு மறுபடி வேலைக்கு வரும். நுண்துளை மணிகளில் 100 கிராம், 20 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் 10 கிராம் அளவுக்கும், 40 சதவீதத்தில் 20 கிராம் அளவுக்கும் நீரைப் பிடிக்கும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதே கூட்டத்தில் பெண்டோனைட் களிமண் பொட்டலமும் உண்டு. மலிவானது, சாம்பல் நிறத் துகள்கள். ஜியோலைட் மணிகள் வேறு ரகம்: 10 சதவீதம் போன்ற மிக வறண்ட காற்றிலும் விடாமல் ஈரத்தை இழுக்கும். இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களின் சட்டத்துக்குள் போடுவது இதைத்தான். ஆனால் மறுபடி உலர்த்த 200 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். வீட்டுத் தேவைக்கு சிலிக்கா ஜெல்லே போதும், மற்ற இரண்டையும் தேடி அலைய வேண்டாம்.

இரண்டாவது கூட்டம், ஈரத்தை இழுத்து அதிலேயே கரைந்து நீராகிவிடும் உப்புகள். கால்சியம் குளோரைடு 30 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினாலே கசியத் தொடங்கிவிடும். மழைக்காலத்தின் 80 சதவீத ஈரத்தில் தன் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீரை இழுக்கும். கொள்ளளவில் சிலிக்கா ஜெல் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. குறை என்னவென்றால், சேரும் நீர் அடர்ந்த உப்புக் கரைசல். பட்ட இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும், தோல் சுருங்கும், ஜரிகை கறுக்கும்.

மூன்றாவது, வேதிவினையால் நீரைக் கட்டிப்போடும் சுட்ட சுண்ணாம்பு. 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் நீரைப் பிடித்து நீற்றுச் சுண்ணாம்பாக மாறிவிடும். அதாவது எடையில் 32 சதவீதம். எவ்வளவு வறண்ட காற்றிலும் வேலை செய்யும், ஆனால் ஒருமுறைதான். தண்ணீர் பட்டால் கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிலிக்கா ஜெல் எளிதாகக் கிடைக்கும் காலத்தில் வீட்டுக்குள் இதை வைக்க நியாயமான காரணம் ஏதும் இல்லை.

பலர் குழப்பிக்கொள்ளும் நான்காவது ஒன்று: குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் தூள். திரவ நீரைத் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும். ஆனால் காற்றிலிருந்து நீராவியைப் பிரித்தெடுத்து அறையை உலர்த்தும் வேலைக்கு அது ஏற்றதல்ல. டயப்பரைக் கிழித்து பீரோவில் போடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு சோதனைகள்

தேவைப்படும் கருவிகள்: 1 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசு (விதைக்கு என்றால் 0.1 கிராம் காட்டுவது), ஒரு சிறிய ஈரப்பதமானி, ரப்பர் அல்லது சிலிக்கோன் வளையம் வைத்த மூடியுள்ள டப்பா.

விலை மலிவான ஈரப்பதமானிகள் 5 சதவீதமோ அதற்கு மேலோ தவறாகக் காட்டும். சரிபார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு பாட்டில் மூடியில் ஒரு தேக்கரண்டி தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரையக்கூடாது. அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் ஒரு சின்ன டப்பாவில் அருகருகே வைத்து இறுக மூடி, வெப்பம் மாறாத இடத்தில் 12 மணி நேரம் விடுங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீதத்தில் நிறுத்தும். கருவி 70 காட்டினால், இனி அது காட்டும் எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது டப்பாச் சோதனை. இதைச் செய்யாமல் விடுவதால்தான் பலருடைய முயற்சி வீணாகிறது. 100 கிராம் நன்கு உலர்ந்த சிலிக்கா ஜெல்லை ஒரு கிண்ணத்தில் எடைபோட்டு, வேறு எதுவும் இல்லாமல் டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். 7 நாள் கழித்து மறுபடி எடைபோடுங்கள். உள்ளிருந்த காற்றின் நீர் கால் கிராம்தான் என்று பார்த்தோம். அதற்குமேல் ஏறியதெல்லாம் கசிவு. ஒரு கிராமுக்குள் இருந்தால் நல்ல டப்பா. 2 கிராம் என்றால் 10 வாரத்துக்கு ஒருமுறை ஜெல்லை மாற்ற வேண்டும். 5 கிராம் ஏறியிருந்தால் அந்த டப்பாவை அரிசி போட்டு வைக்கப் பயன்படுத்துங்கள், இந்த வேலைக்கு வேண்டாம். மெல்லிய பாலித்தீன் பையை எவ்வளவு இறுகக் கட்டினாலும் பிளாஸ்டிக்கின் ஊடாகவே நீராவி மெல்ல நுழையும். அலுமினியப் படலம் ஒட்டிய உறையும் கண்ணாடிப் புட்டியும்தான் நம்பகமானவை.

சிலிக்கா ஜெல்லை மறுபடி உலர்த்துவது

கடையில் புதிதாக வாங்கியதையும் ஒருமுறை உலர்த்தியபிறகே பயன்படுத்துங்கள். மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும்போது அது காற்றில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

1. பொட்டலமாக இருந்தால் பிரித்து மணிகளைத் தனியே கொட்டுங்கள். உறையோடு சூடாக்கினால் பிளாஸ்டிக் இழை உறை உருகும், காகித உறை கருகும்.
2. அகலமான தட்டில் 2 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் பரப்புங்கள். ஓவனை 120 டிகிரியில் வைத்து 3 மணி நேரம். வெள்ளை மணி 150 டிகிரி வரை தாங்கும். நிறம் காட்டும் மணியை 120-க்கு மேல் விடாதீர்கள், நிறப்பொருள் கெட்டு மணி பழுப்பாகிவிடும்.
3. ஓவன் இல்லையென்றால் இதற்கென்றே ஒதுக்கிய இரும்பு வாணலியில், சிறு தீயில் விடாமல் கிளறுங்கள். முதலில் சடசடவென்று சத்தம் வரும். உள்ளே அடைபட்ட நீர் ஆவியாகும்போது சில மணிகள் வெடிப்பதுதான் காரணம். தீ அதிகமானால் நிறைய மணிகள் தூளாகும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எடைபோடுங்கள். அடுத்தடுத்து இரண்டு எடையும் ஒன்றாக வந்தால் உலர்ந்துவிட்டது.
4. சூடு முழுவதும் ஆறும்வரை திறந்து வைக்காதீர்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி, மூடிய நிலையிலேயே ஆறவிடுங்கள். ஆறும் மணிதான் வேகமாக ஈரத்தை இழுக்கும்.
5. ஆறியபின் எடைபோட்டு, அந்த எடையைத் தேதியோடு புட்டியின்மேல் எழுதி ஒட்டுங்கள். இதுதான் உலர் எடை. இனி எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான்.

வெயிலில் காயவைத்தால் போதாதா? பாதி பலன் உண்டு. கறுப்பு இரும்புத் தட்டு உச்சி வெயிலில் 60 டிகிரி வரை ஏறும். கன மீட்டருக்கு 22 கிராம் நீராவியுள்ள கடலோரக் காற்று அந்தச் சூட்டில் ஏறக்குறைய 15 சதவீத ஈரப்பதத்துக்கு இறங்கும். ஆகவே ஜெல் ஓரளவுக்கு உலரும், முழுதாக அல்ல. கேமராப் பெட்டிக்கு அது போதுமானது, விதைக்குப் போதாது. பிற்பகல் 2 மணிவாக்கில் தட்டு சூடாக இருக்கும்போதே எடுத்து மூடிவிடுங்கள். மாலை வரை விட்டால் காலையில் விட்டதை மறுபடி பிடித்துக்கொள்ளும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீல மணியில் இருப்பது கோபால்ட் குளோரைடு, ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும். அது நச்சுப்பொருள், அதன் தூசியை மூச்சில் இழுப்பது புற்றுநோய் அபாயமுள்ளதாக ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. சமையல் பாத்திரத்தில் அதை வறுக்கவே கூடாது. ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் மணி வாங்குங்கள். வெள்ளை மணியோடு பத்தில் ஒரு பங்கு கலந்தால் அடையாளத்துக்குப் போதும். ஆனால் நிறம் முழுதாக மாறும்போது பெட்டிக்குள் ஈரப்பதம் ஏற்கெனவே 40 சதவீதத்தைத் தொட்டிருக்கும் என்பதால், மிக வறண்ட சூழல் தேவைப்படும் வேலைக்கு நிறத்தை நம்ப முடியாது. தராசுதான் சாட்சி.

கேமரா, லென்ஸ், பத்திரங்கள்

லென்ஸில் பூஞ்சை பிடிக்க 60, 65 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் சில நாள் இருட்டும் போதும். நாம் குறிவைக்க வேண்டிய ஈரப்பதம் 40 முதல் 45 சதவீதம். 10 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் உலர்ந்த ஜெல்லை மெல்லிய பருத்தித் துணிப்பையில் கட்டி வையுங்கள். கிண்ணத்தில் திறந்து வைத்தால் உரசும் மணிகளின் நுண்தூள் லென்ஸில் படியும். தோல் உறையையும் துணிப் பையையும் டப்பாவுக்குள் வைக்காதீர்கள். அவை ஈரத்தின் கிடங்கு, பூஞ்சைக்கு உணவும்கூட.

மாதம் ஒருமுறை பையை எடைபோடுங்கள். 100 கிராம் 120 ஆனால் உலர்த்தும் நேரம் வந்துவிட்டது. ஏற்கெனவே பூஞ்சை பிடித்த லென்ஸை ஜெல் குணப்படுத்தாது, வளர்ச்சியை நிறுத்தி மட்டும் வைக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்கவும் வேண்டாம். எதிர்த்திசைத் தவறும் உண்டு: அரைக் கிலோ ஜெல்லைக் கொட்டி 20 சதவீதத்துக்கு இறக்குவது. ரப்பர் பிடிகளுக்கும் மடிப்புத் துருத்தி (பெல்லோஸ்) வைத்த பழைய கேமராக்களின் தோலுக்கும் அது நல்லதல்ல.

பத்திரம், சான்றிதழ், புகைப்படத் தொகுப்பு ஆகியவற்றுக்கு 45 முதல் 50 போதும். அதற்கு வெகுவாகக் கீழே இறங்கினால் காகிதம் மொறமொறத்து, மடித்த இடத்தில் ஒடியும். ஒரு கிலோ காகிதத்துக்கு, முன்சொன்னபடி வெயில் நாளில் உலர்த்தி வைத்தால் 100 கிராம் ஜெல் போதும். மழை நாளில் அப்படியே அடைத்தால் 200 கிராம் வேண்டும், ஒரு வாரத்தில் அதை மாற்றவும் வேண்டும். டப்பாவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இரவில் குளிரும் சுவரோரம் டப்பாவின் அந்தப் பக்கம் மட்டும் ஈரப்பதம் ஏறி, காகிதத்தின் ஓரத்தில் புள்ளி விழும்.

விதைகள்: கணக்கு மிகவும் பலன் தரும் இடம்

நாட்டு விதை சேமிப்பவர்களுக்கு சிலிக்கா ஜெல்போல் கைகொடுக்கும் பொருள் வேறில்லை. விதை அறிவியலாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன் வகுத்த விதி இது: விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் சேமிப்பு ஆயுள் இரண்டு மடங்காகும். ஏறத்தாழ 14 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் வரை இது பொருந்தும். சேமிக்கும் வெப்பம் ஐந்தரை டிகிரி குறைந்தாலும் அதே இரட்டிப்பு. நிழலில் உலர்த்தினால் மட்டும், கடலோர ஊர்களில் விதை 11, 12 சதவீதத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே இறக்கக் காற்று விடாது. இந்தியாவின் விதைச் சான்றளிப்புத் தரத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளுக்கு சாதாரணப் பையில் 8 சதவீதம், நீராவி புகாத உறையில் 6 சதவீதம் என்பது உச்ச வரம்பு. வெண்டைக்கு முறையே 10, 8.

முதலில் எந்த விதையை உலர்த்தவே கூடாது என்று பார்த்துவிடுவோம். மா, பலா, நாவல், ரப்பர், கோகோ ஆகியவற்றின் விதை உலர்ந்தால் செத்துவிடும், பழத்திலிருந்து எடுத்த சூட்டில் விதைக்க வேண்டும். வேப்பம் விதையும் நீண்ட நாள் தாங்காது. கீழே சொல்வது காய்கறி, கீரை, தானியம், பயறு வகைகளுக்கு.

50 கிராம் கத்தரி விதையை எடுத்துக்கொள்வோம். நன்கு பழுத்த காயிலிருந்து எடுத்துக் கழுவி, நிழலில் 4, 5 நாள் உலர்த்தியது. கழுவிய ஈரத்தோடு ஜெல்லில் போடவே கூடாது. மேல்நீரைக் காற்று இலவசமாக எடுக்கும், அதற்கு ஜெல்லைச் செலவழிப்பது வீண். விதையின் ஈரம் 12 சதவீதம் என்று வைத்தால், நீர் நீங்கலாக உள்ள எடை 44 கிராம். 6 சதவீத ஈரத்துக்கு வரும்போது மொத்த எடை 44-ஐ 0.94-ஆல் வகுத்தது, அதாவது 46.8 கிராம். வெளியேற வேண்டிய நீர் 3.2 கிராம். விதை 6 சதவீதத்தில் நிற்க, சுற்றியுள்ள காற்று 20 சதவீத ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். அந்த வறட்சியில் 50 கிராம் ஜெல் 5 கிராம் நீரைப் பிடிக்கும். ஆக, விதைக்குச் சம எடை ஜெல் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

செய்முறை:

1. விதையை மெல்லிய பருத்தித் துணிப்பையில் கட்டி, பையோடு எடைபோட்டுக் குறியுங்கள். காகித உறையில் போட்டால் காகிதத்தின் ஈரமும் கணக்கில் சேர்ந்துவிடும்.
2. வாய் அகன்ற கண்ணாடிப் புட்டியின் அடியில் அதே எடை உலர்ந்த ஜெல், அதன்மேல் விதைப் பை. புட்டியில் மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பியிருக்கட்டும்.
3. மூடி இறுக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒருமுறை விரைவாக எடுத்து எடைபோடுங்கள்.
4. தக்காளி, மிளகாய், கத்தரி போன்ற சிறு விதைகள் 4 முதல் 7 நாளில் குறியெடைக்கு (மேலே கணக்கிட்ட இலக்கு எடைக்கு) வரும். பூசணி, பீர்க்கு, அவரை 7 முதல் 10 நாள் எடுக்கும்.
5. எடை எட்டியதும் ஜெல்லை அகற்றுங்கள். விதையை அலுமினிய உறையிலோ நிரம்பிய சிறு கண்ணாடிப் புட்டியிலோ மாற்றி மூடி, பெயரும் தேதியும் எடையும் எழுதுங்கள்.
6. குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுக்கும்போது உடனே திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை ஓர் இரவு அப்படியே விடுங்கள். குளிர்ந்த விதைமேல் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிந்தால், பத்து நாள் உழைப்பு பத்து நிமிடத்தில் போய்விடும்.

எங்கே தவறு நடக்கிறது? எடை நான்காம் நாளிலேயே நின்று, குறியெடையை எட்டவில்லை என்றால் ஜெல் நிரம்பிவிட்டது. ஜெல்லை எடைபோட்டுப் பாருங்கள், 50 கிராம் 55-ஐத் தொட்டிருக்கும். உலர்ந்ததை மாற்றுங்கள். அந்த 'நிரம்பிய' ஜெல்லைக் கொட்ட வேண்டாம், 40 சதவீதம் போதும் என்கிற கேமராப் பெட்டிக்கு அது இன்னும் நல்ல ஜெல்தான். மறுபுறம், வெண்டை, பயறு, அவரை விதைகளை 5 சதவீதத்துக்கும் கீழே விட்டால் மேல்தோல் கல்லாகி, விதைத்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. அப்படி ஆனவற்றை விதைப்பதற்கு முன் சொரசொரப்புத் தாளில் லேசாகத் தேய்த்து ஊறவைத்தால் முளைக்கும்.

தராசு இல்லாதவர்களுக்கு ஒரு கைச்சோதனை: பூசணி விதையை மடக்கினால் வளையாமல் 'டக்'கென்று ஒடிய வேண்டும். பயற்றைச் சுத்தியலால் தட்டினால் நசுங்காமல் நொறுங்க வேண்டும்.

பீரோவும் அறையும்

துணி பீரோவின் கதவு காற்றை அடைக்காது. அங்கே சிலிக்கா ஜெல் இரண்டு நாளில் நிரம்பிவிடும், ஆகவே கால்சியம் குளோரைடுதான் பொருந்தும். தொங்கவிடும் பைகளாகவும் டப்பாக்களாகவும் கடையில் கிடைக்கிறது. நாமே செய்வதென்றால்: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வெட்டுங்கள். மேல் பகுதியைத் தலைகீழாகக் கீழ்ப் பகுதிக்குள் செருகி, பாட்டில் வாயில் இரண்டு மடிப்புத் துணியைக் கட்டுங்கள். கையுறையோடு 150 கிராம் கால்சியம் குளோரைடு செதிலைப் போடுங்கள். அதற்குமேல் போட்டால், சேரும் கரைசல் புனலைத் தொட்டுவிடும். பாட்டிலைப் பீரோவின் அடித்தட்டில், ஒரு பிளாஸ்டிக் தட்டின்மேல் நிறுத்துங்கள். சாய்ந்தால் துணி போயிற்று. பட்டுப் புடவையும் ஜரிகையும் இருக்கும் தட்டுக்கு இதைக் கொண்டுபோகவே வேண்டாம். அவற்றுக்கு மூடியுள்ள பெட்டியும் ஜெல்லும்தான்.

செதில் தீர்ந்ததும் கரைசலை நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் ஊற்றுங்கள். செடிக்கு ஊற்றினால் உப்பு வேரைக் கருக்கும்.

அறைக்கு இது உதவுமா? 10 அடிக்கு 10 அடி, 10 அடி உயரம் என்பது 28 கன மீட்டர். அந்தக் காற்றில் மட்டும் ஏறத்தாழ 680 கிராம் நீர். ஜன்னல் திறந்திருந்தால் மணிக்கு மணி புதுக் காற்று அதே அளவு நீரோடு வரும். ஒரு பையைத் தொங்கவிட்டு அறையை உலர்த்த நினைப்பது நடக்காத காரியம். அங்கே ஈரம் நீக்கும் இயந்திரமோ ஏசியோதான் வழி.

சமையலறையில்

சுத்தமான சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதம் வரை உலர்ந்தே நிற்கும். கல் உப்பு அதற்கு முன்பே கசிவது அதிலுள்ள மக்னீசியம் குளோரைடால். அது 33 சதவீதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். கல் உப்பை வெறும் வாணலியில் வறுத்து, ஆறியதும் பீங்கான் ஜாடியில் இறுக மூடி வைப்பது நல்ல பழக்கம். வெல்லம் இளகுவதற்கும் இதே போன்ற காரணம்: அதிலுள்ள குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தாதுக்களும் சர்க்கரையைவிட வேகமாக ஈரத்தை இழுப்பவை.

அப்பளம், வற்றல், முறுக்கு நமுத்துப்போகாமல் இருக்க, ஒரு லிட்டர் டப்பாவுக்கு 10 கிராம் அளவிலான உணவுத்தரப் பொட்டலம் ஒன்று, பிரிக்காமல், மூடியின் உட்பக்கம் ஒட்டி வைத்தால் போதும். நிற மணி சமையலறைக்கு வேண்டாம். கேக் உறைகளில் வரும் ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலம் வேறு பொருள். அதற்குள் இருப்பது இரும்புத் தூள், வேலை செய்ய அதற்கு ஈரமே வேண்டும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் ஜெல் அதன் வேலையைக் கெடுக்கும்.

நனைந்த கைப்பேசி, காதுக் கருவி

நனைந்த கைப்பேசியை அரிசியில் புதைக்காதீர்கள். மூட்டை அரிசி ஏற்கெனவே 12 முதல் 14 சதவீத ஈரத்தோடு அறைக் காற்றுக்குச் சமநிலையில் இருக்கிறது. இன்னும் இழுக்க அதில் இடமில்லை. அரிசித் துகள் கருவியைப் பழுதாக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே ஐபோன் வைத்திருப்பவர்களை எச்சரித்திருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து உள்ளங்கையில் தட்டுங்கள். மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் வைத்தபின், 200 கிராம் உலர்ந்த ஜெல்லோடு மூடிய டப்பாவில் 24 முதல் 48 மணி நேரம். கடல்நீர் பட்டிருந்தால் உலர்த்துவது மட்டும் போதாது. உள்ளே தங்கும் உப்பு மழை நாளெல்லாம் ஈரத்தை இழுத்துச் சுற்றை அரித்துக்கொண்டே இருக்கும். பழுதுபார்ப்பவரிடம் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

காதுக் கருவியை இரவில் 30 கிராம் ஜெல் உள்ள சின்னப் புட்டியில் வைப்பது அதன் ஆயுளைக் கூட்டும். மாற்றக்கூடிய ஜிங்க்-ஏர் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பேட்டரிக் கதவைத் திறந்த நிலையில் கருவியை மட்டும் வையுங்கள். அந்தப் பேட்டரி வேலை செய்ய உள்ளே நீர் வேண்டும். ஜெல் அதன் காற்றுத்துளை வழியே அந்த நீரையும் இழுத்து, பேட்டரியை முன்கூட்டியே தீர்த்துவிடும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் புட்டியின் மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். கற்கண்டு என்று நினைத்து யாரேனும் வெள்ளை மணியை வாயில் போட்டால் அது நச்சல்ல, ஆனால் தொண்டையில் சிக்கலாம். நீல மணியாகவோ சுட்ட சுண்ணாம்பாகவோ கால்சியம் குளோரைடாகவோ இருந்தால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, உறையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும்.